நரான்ஹோக்காரன் குடைந்த பெஞ்ச்

கோயில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு "என்ன சுகம், என்ன சுகம்" என்று என் முகத்துக்கு நேரே சொன்ன ஒவ்வொருவரையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. யார் யார் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். முதலில் டோன்யா மிரேயா. கடைசியில் பங்குச் சாமியார். நடுவில் ஊர் மொத்தமும்.

என் பெயர் லிஹியா. கோஸ்தா ரிக்காவில் சார்ச்சி என்கிற ஊரில், கோயிலுக்கு நேர் பின்னால் இருக்கிற டொன் ஒல்மானின் மரப்பட்டறையில் வேலை செய்கிறேன். டொன் என்றால் ஐயா, டோன்யா என்றால் அம்மா, எங்கள் ஊர் மரியாதை. மற்றவர்களுக்கு ரம்பமும் உளியும். எனக்கு ஒரு கம்ப்யூட்டரும், மரத்தூள் புகாத கண்ணாடி அறையும். அறைக்கு வெளியே இரண்டு கட்டில் நீளத்துக்கு ஒரு மேஜை கிடக்கும். அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் ஒரு பாலம், பாலத்தில் தலைகீழாகத் தொங்கும் மோட்டார், மோட்டாரின் வாயில் கட்டர். கட்டர் எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், எங்கே தலையைத் தூக்க வேண்டும் என்று நான் உள்ளே கோடு போடுவேன். வெளியே அது சொன்ன பேச்சைத் தட்டாமல் அப்படியே போகும். வீட்டில் என் புருஷன்கூட அப்படிப் போனதில்லை. சிஎன்சி ரௌட்டர் என்று அதற்குப் பெயர். டொன் ஒல்மான் மட்டும் அதை "லிஹியாவோட மாடு" என்பார். தீனி தின்கிறதே ஒழியப் பால் கறக்கவில்லை என்று அவருக்கு மனக்குறை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வாங்குங்கள் வாங்குங்கள் என்று அவர் உயிரை எடுத்தவள் நான்தான். வாங்கியபின் அது செய்த வேலை என்ன? "இந்த இல்லத்தை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக" என்று பலகையில் எழுத்து வெட்டியது. காய்கறி நறுக்கும் பலகை வெட்டியது. சாவி மாட்டுவதற்குக் கோழி வடிவத்தில் கட்டை வெட்டியது. இதற்கிடையில் பக்கத்து ஊரான பால்மாரஸிலிருந்து சவப்பெட்டி செய்கிற ஒருவர் வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, அதன் விலாவில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனதும் தட்டின இடத்தை நான் துணியால் துடைத்தேன்.

"கோயில் வேலை கிடைச்சா மெஷின் இங்க இருக்கும்," என்றார் டொன் ஒல்மான். "இல்லன்னா பால்மாரஸ்காரர் லாரி எடுத்துட்டு வந்துடுவார். நான் என்ன பண்றது, சொல்லுங்க."

மெஷின் போனால் நானும் போக வேண்டியதுதான். போவதற்கு எனக்கு இருந்த ஒரே இடம் என் நாத்தனாரின் மளிகைக் கடை. அங்கே கல்லாவில் உட்கார்ந்து முட்டையும் அரிசியும் விற்றுக்கொண்டு, அவள் வாயையும் கேட்டுக்கொண்டு மிச்ச ஆயுளைக் கழிக்கலாம். அதைவிட அந்தச் சவப்பெட்டிக்காரரிடம் ஒரு பெட்டி வாங்கிப் படுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. எனக்கு அந்த மெஷின் மேல் உயிர். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கோயில் வேலை என்பது இதுதான். பழைய பெஞ்சுகளைக் கரையான் தின்றுவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்தின் நடுவில் பெஞ்ச் முறிந்து ஒரு குடும்பம் மொத்தமாகத் தரையில் உட்கார்ந்தது. அதன்பின் கோயில் கமிட்டி கூடி, கோயில் முழுக்கப் புதுப் பெஞ்ச் போடுவது என்று முடிவெடுத்தது. ஊரில் இருக்கிற பட்டறைகள் ஆளுக்கொரு மாதிரிப் பெஞ்ச் செய்து போடவேண்டும். சில ஞாயிறுகள் ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். எது பிடிக்கிறதோ அந்தப் பட்டறைக்கு வேலை.

மற்றவர்கள் எல்லாரும் தட்டைப் பலகை போட்டார்கள். நான் குடையப் போகிறேன் என்றேன்.

"குடையறதுன்னா?" என்றார் டொன் ஒல்மான்.

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு பள்ளம். வட்டமா, வழவழன்னு. உட்கார்ந்தா உள்ள பொருந்திக்கும். உளியை வச்சு இந்த ஊர்ல எவனும் இதைச் செஞ்சு முடிக்க மாட்டான். மெஷின் ஒரே நாள்ல செய்யும்."

கம்ப்யூட்டரில் வட்டப் பள்ளம் வரைவது மாதிரி சுலபமான வேலை வேறில்லை. ஒரு வளைகோடு போட்டு அதைச் சுழற்றிவிட்டால் கிண்ணம் தயார். ஒரு கிண்ணத்தை ஏழாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலில் தட்டை முனைக் கட்டர் இறங்கி மரத்தைப் படிப்படியாக வெட்டி எடுக்கும். அப்போது பார்த்தால் பள்ளம் முழுக்கப் படிக்கட்டாக இருக்கும். அதற்கப்புறம் உருண்டை முனைக் கட்டரை மாட்டினால், அது போய்ப் போய் வந்து படிகளை வழித்து எடுக்கும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நெருக்கமாக விட்டால் பள்ளம் வழவழப்பாக வரும், ஆனால் மெஷின் நாள் முழுக்க ஓடும். தள்ளித் தள்ளி விட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் கோட்டுக்குக் கோடு வரப்பு நிற்கும். வரப்பைத் தேய்த்து எடுப்பது கிரெய்வினின் வேலை. கரண்ட் மிச்சமாகட்டும் என்று தள்ளியே விட்டேன்.

கிரெய்வின் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கிறவன். நல்ல பையன், முப்பது வயது, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்கள். வரப்பு நிற்கிற பள்ளங்களை எட்டிப் பார்த்தான்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"அருமையா இருக்கு, லிஹியா."

"வரப்பு அதிகமா?"

"சேச்சே. தேய்ச்சா போயிடும்." அந்த வாரம் முழுக்க ஒற்றைத் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

பெஞ்ச் தயாரானபோது நான் சும்மா நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். குவானகாஸ்தே மரத்தின் ரேகை ஒவ்வொரு பள்ளத்திலும் வளைந்து வளைந்து இறங்கியது. ஏழும் அச்சில் வார்த்த மாதிரி. உட்கார்ந்தும் பார்த்தேன், எனக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் பூசைக்கு அதிகம் போகிறவள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஞாயிறு கூட்டம் எங்கள் பெஞ்சைச் சுற்றி நின்றது. தொட்டுப் பார்த்தார்கள், தடவிப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ஏழு பேர் உட்கார்ந்தார்கள். நற்செய்தி வாசிக்க எழுந்தார்கள். வாசித்து முடித்ததும் மற்ற பெஞ்சுகளில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். எங்கள் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். காணிக்கை நேரத்தில் ஒருவர். பீடத்துக்குப் போய் நன்மை அப்பம் வாங்கிவிட்டுத் திரும்பி வந்தபோது அவரும் தூணோரம் போய் நின்றுகொண்டார். பூசை முடிகிறபோது பெஞ்ச் காலி.

வாசலில் டோன்யா மிரேயாவைப் பிடித்தேன். கோயில் கமிட்டித் தலைவி அவள்தான். அவளிடம் ஒன்றைச் சொன்னால் ஊருக்கு ரேடியோ வேண்டாம். ஊரில் எந்தப் பெண்ணையும் அவள் ராணி என்றுதான் கூப்பிடுவாள்.

"பெஞ்ச் எப்படி, டோன்யா மிரேயா?"

"ராணி, அதை ஏன் கேக்கறீங்க. பஞ்சு மெத்தை தோத்துடும்."

"அப்புறம் ஏன் பாதி பூசை நின்னுக்கிட்டே இருந்தீங்க?"

"முட்டி வலி. நின்னாத்தான் எனக்குக் கொஞ்சம் தேவலை."

முட்டி வலிக்கு நிற்கிற பெண்ணை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். அடுத்து, கோயில் மணி அடிக்கிற டொன் அபுந்தியோவைப் பிடித்தேன். சுகமான பெஞ்ச் என்றும், ஆண்டவர் சந்நிதியில் மரியாதைக்காக நின்றதாகவும் சொன்னார். ஒரு இளம் ஜோடியைப் பிடித்தேன். தூணோரத்திலிருந்து பீடத்துப் பூ நன்றாகத் தெரிகிறது என்றார்கள். பங்குச் சாமியார் எலாதியோ சாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கலைம்மா, கலை," என்றார். அவர் கண் மட்டும் என்னைப் பார்க்காமல் எம்பனாடா பலகாரம் விற்கிற மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறும் இதே கதை. எங்கள் பெஞ்சில் ஒரு குடையும் இரண்டு கைப்பையும் உட்கார்ந்திருந்தன. பக்கத்துப் பட்டறையின் தட்டைப் பலகையில் ஜனங்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை பட்டறையில் கத்தித் தீர்த்தேன். காபிக் கோப்பையை மேஜையில் வைத்த வேகத்தில் காது தனியாக, கோப்பை தனியாக வந்தது. கிரெய்வின் தூசி உறிஞ்சும் குழாய்க்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லித் தொலைங்களேன். நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"நல்லாத்தான் இருக்கு, லிஹியா," என்றான் குழாய்க்குப் பின்னாலிருந்து.

"எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சாத்தானே கோட்டை மாத்த முடியும். முன்னாலயா, பின்னாலயா? ஆழமா, அகலமா? 'பஞ்சு மெத்தை'ங்கறதை நான் கம்ப்யூட்டர்ல எந்தக் கட்டத்துல போடறது?"

டொன் ஒல்மான் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். பால்மாரஸ் என்ற சொல் மட்டும் காற்றில் வந்தது. முகம் கழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

அழுதுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றிக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நரான்ஹோ என்று ஒரு ஊர் பக்கத்தில் இருக்கிறதே.

அன்று சாயங்காலமே டோன்யா மிரேயா வீட்டுக்குப் போனேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன். வெளிய போகக் கூடாது. அந்தப் பெஞ்ச் நாங்க குடைஞ்சது இல்ல. அந்த வாரம் எங்க மெஷின் படுத்துடுச்சு. நரான்ஹோல ஒருத்தர்கிட்ட கொடுத்துச் செஞ்சு வாங்கினோம்."

டோன்யா மிரேயா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கையை நெஞ்சில் வைத்தாள்.

"நரான்ஹோவா?"

"நரான்ஹோ."

"அதானே பாத்தேன்," என்றாள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உக்காருங்க ராணி. காபி போடறேன். அந்த ஆளுக்குப் பின்பக்கம்னு ஒண்ணு இருக்கா இல்லையா? உக்காந்தா கிணத்துல விழுந்த மாதிரி உள்ள போயிடுது. எழுந்திரிக்க ரெண்டு ஆள் வேணும். பூசைன்னா என்ன, உக்காந்தே இருக்கறதா? உக்காரணும், எழுந்திரிக்கணும், முட்டி போடணும், மறுபடி உக்காரணும். மூணாவது தடவை எழுந்திரிச்சதும், இனிமே உக்காரறதில்லன்னு சத்தியம் பண்ணிட்டேன்."

"முட்டி வலின்னு சொன்னீங்களே?"

"இப்ப வந்துடுச்சு. அவனாலதான்."

நான் தலையை ஆட்டிக்கொண்டே காபியைக் குடித்தேன். காதிலிருந்து புகை வராததுதான் பாக்கி.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து எம்பனாடா மேஜை பக்கம் போனால் ஊரே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"குழிக்கும் குழிக்கும் நடுவுல ஒரு மேடு விட்டிருக்கானே," என்றார் டொன் அபுந்தியோ. "லேட்டா வர்றவங்களுக்கு நாம கொஞ்சம் நகர்ந்து இடம் குடுக்கறது வழக்கம். நகர்ந்தா மேட்டுமேல உக்காரணும். நான் ஒரு பிரசங்கம் முழுக்க மேட்டுமேல உக்காந்தேன். இந்த வயசுல எனக்கு அது தேவையா?"

"ஏழு குழி போட்டிருக்கான்," என்றாள் அந்த இளம் ஜோடியில் பெண். "ரெண்டு பேர் ஒட்டி உக்கார முடியுதா? அவர் அவர் குழில, நான் என் குழில. விவாகரத்து ஆன மாதிரி இருக்கு."

ஜோடியில் பையன் ஆமாம் ஆமாம் என்றான்.

"முட்டி போடும்போது பின்னால பெஞ்ச் விளிம்புல லேசா சாஞ்சுக்குவோம் இல்ல?" என்றாள் இன்னொருத்தி.

"சாஞ்சுக்குவீங்களா?" என்றேன். எனக்கு இது புதுச் செய்தி.

"எல்லாரும்தான் சாஞ்சுக்குவாங்க. ஆண்டவருக்கே தெரியும். அந்த ஆள் விளிம்பைக் கத்தி மாதிரி நிறுத்தி வச்சிருக்கான். இடுப்புல கோடு விழுந்துடுச்சு."

"நனைஞ்ச குடையை வச்சேன், குழில தண்ணி தேங்கிடுச்சு. தெரியாம உக்காந்துட்டேன். நன்மை வாங்கப் போகும்போது பின்னால இருக்கற ஜனமெல்லாம் என்ன நினைச்சிருக்கும்?" என்றாள் வேறொருத்தி.

"பாவம், அந்த ஆள் அழகா வரணும்னு நினைச்சிருப்பார்," என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்துவிட்டது.

"அழகா இருக்கட்டும். சூப் ஊத்திக் குடிக்கலாம்," என்றார் டொன் அபுந்தியோ.

எலாதியோ சாமி எம்பனாடாவை மென்று முடித்துவிட்டு, பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "செத்தவங்க பாவம் தீர வேதனைப்படற உத்தரிக்கிற ஸ்தலத்துல இந்த மாதிரிப் பெஞ்சுதான் போட்டிருப்பாங்கன்னு நினைக்கறேன் மகளே. இதை அந்த நரான்ஹோக்காரர்கிட்ட நான் சொன்னதாச் சொல்ல வேண்டாம்."

"சொல்லலை, சாமி."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நரான்ஹோக்காரனுக்காக நான் மனதுக்குள் சண்டை போட்டேன். அவன் எவ்வளவு பாடுபட்டிருப்பான், இந்த நன்றிகெட்ட ஜனங்களுக்கு அதெல்லாம் தெரியுமா என்று. வீட்டு வாசலை மிதித்தபிறகுதான் அப்படி ஒருவன் இல்லை என்பது உறைத்தது.

திங்கட்கிழமை கம்ப்யூட்டரில் ஏழு கிண்ணங்களையும் அழித்தேன். மனசே இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் அழிக்கும்போது ஒரு குரல் கேட்டது, கிணறு என்று, விவாகரத்து என்று, சூப் என்று. அழித்துவிட்டுப் பெஞ்சின் நீளம் முழுக்க ஒரே பள்ளமாக வரைந்தேன். மேடு கிடையாது, யார் வேண்டுமானாலும் யார் பக்கமும் நகரலாம். முன்னால் போட்டதில் பாதி ஆழம்கூட இல்லை. ஆழமான இடத்தை நடுவிலிருந்து தூக்கிப் பின்பக்கமாக வைத்தேன். முன் விளிம்பை நிமிர்த்தி வைக்காமல் கீழ்நோக்கி உருட்டிவிட்டேன். பின்பக்கம் நெடுக ஒரு சின்னப் பிளவு விட்டேன், குடைத்தண்ணீர் தரைக்குப் போகட்டும் என்று.

கிரெய்வின் கண்ணாடி அறைக் கதவைத் தட்டினான். கையில் உப்புத்தாள்.

"லிஹியா, ஒண்ணு சொல்லலாமா? அந்த நரான்ஹோக்காரரைப் பத்தி."

நான் அவனைப் பார்த்தேன். முதல் பெஞ்சைத் தேய்த்து முடித்தவனே அவன்தான். அவன் புருவத்தில் இன்னும் அந்த மரத்தூள் இருந்தது.

"அவர் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல ரொம்ப இடம் விடறார்," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "வரப்பு வரப்பா நிக்குது. அதைத் தேய்க்கறவன் ஒருத்தன் இருப்பான் இல்ல, அங்க, நரான்ஹோல. அவனுக்குத் தோள்பட்டையே போயிருக்கும். பாதியாக் குறைச்சா அவன் பொழச்சுக்குவான். அப்புறம், கோடு மரத்து ரேகை போற பக்கமே நீளவாக்குல போனா இன்னும் நல்லது."

"உனக்குப் பைத்தியமா கிரெய்வின்?"

"எனக்கு இல்ல. அவனுக்காகச் சொன்னேன்."

கேலி பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பாதியாகக் குறைத்தேன். நீளவாக்கிலும் மாற்றினேன். மெஷின் இரண்டு நாள் அலறியது. உருண்டை முனைக் கட்டர் பெஞ்சின் ஒரு கோடியில் இறங்கி மறு கோடிவரை போய், மயிரிழை தள்ளித் திரும்பி வந்தது. கிரெய்வின் உப்புத்தாளை ஒரு தடவை மேலே இழுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டினான். அவன் பாட்டுப் பாடி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குப் பாடினான், கேட்க முடியவில்லை.

கடைசி ஞாயிறு புதுப் பெஞ்ச் போய் உட்கார்ந்தது.

"நரான்ஹோக்காரர் திருத்திட்டாரா?" என்றாள் டோன்யா மிரேயா.

"சொன்னேன். கேட்டுக்கிட்டார்."

"நல்ல மனுஷனா இருக்கணும்," என்றாள். போய் உட்கார்ந்தாள். எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். ஏழு பேர் உட்காரும் பெஞ்சில் எட்டாவதாக ஒருத்தி வந்தாள், எல்லாரும் நகர்ந்தார்கள். ஒன்பதாவதாக டொன் அபுந்தியோ வந்தார், அவருக்கும் நகர்ந்தார்கள். அந்த ஜோடி நடுவில் காற்றுப் போக இடமில்லாமல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. நான் தூணோரம் நின்று பார்த்தேன். முட்டி போடும்போது ஒன்பது இடுப்பும் லேசாகப் பின்னால் சாய்ந்தன. பிரசங்கத்தில் பாதி வழி போவதற்குள் எங்கள் பெஞ்சிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. கேட்கக் கேட்க எனக்குத் தேனாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை எலாதியோ சாமி பட்டறைக்கு வந்தார். டொன் ஒல்மான் நாற்காலி போட்டார். நான் காபி கொடுத்தேன். சாமி மழையைப் பற்றிப் பேசினார். காபிக் கொட்டை இந்த வருஷம் சீக்கிரம் பழுக்கிறது என்றார். எங்கள் பட்டறை மாதிரி ஒரு பட்டறை நாட்டிலேயே கிடையாது என்றார். லிஹியா மாதிரி கை கோஸ்தா ரிக்காவில் இன்னொருத்திக்கு இல்லை என்றார். எங்கள் ஊரில் இவ்வளவு புகழ்ந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"கமிட்டி நேத்து கூடுச்சு," என்றார் கடைசியில். "கோயில் பெஞ்ச் எல்லாத்தையும் அந்த நரான்ஹோக்காரர்கிட்டயே கொடுத்துடலாம்னு எல்லாரும் ஒரே மனசா முடிவு பண்ணிட்டோம்."

டொன் ஒல்மான் தலையைக் குனிந்துகொண்டார். என் கையில் ஒரு கட்டர் இருந்தது. அது எப்படி என் கைக்கு வந்தது என்று தெரியவில்லை.

"நரான்ஹோக்காரன்னு ஒருத்தன் இல்ல சாமி," என்றேன். "எவனும் இல்ல. முதல் பெஞ்சும் நான் குடைஞ்சதுதான், ரெண்டாவதும் நான் குடைஞ்சதுதான். உங்க வாயிலேர்ந்து உண்மை வரணும்னு பொய் சொன்னேன். கிணறுன்னீங்க, சூப்புன்னீங்க, உத்தரிக்கிற ஸ்தலம்னீங்க, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நான்தான் ராப்பகலா உக்காந்து மாத்தினேன். இப்ப அவனுக்கு வேலையா? இல்லாத அந்தப் பயலுக்கா?"

எலாதியோ சாமி காபியை ஒரு வாய் குடித்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும் மகளே," என்றார்.

"என்ன தெரியும்?"

"அந்த வாரம் உங்க மெஷின் போட்ட சத்தத்துல நான் ரெண்டு பாவசங்கீர்த்தனம் சரியாக் கேக்காம பாவ மன்னிப்பு குடுத்துட்டேன். மெஷின் படுத்துடுச்சாம், நரான்ஹோவாம். நீங்க சொன்ன அன்னிக்கு ராத்திரியே டோன்யா மிரேயா வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டாங்க. லிஹியா ஒரு வழி திறந்து விட்டிருக்கா, எல்லாரும் அது வழியா வாங்கன்னு."

நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். கிரெய்வின் தூசி உறிஞ்சும் குழாயை ரொம்பக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப எதுக்கு என்கிட்டயே நேரா சொல்லலை? நான் கேட்டேனே. ஒவ்வொருத்தரையா பிடிச்சுக் கேட்டேனே."

"கேட்டீங்க," என்றார் சாமி. "போன வருஷம் டோன்யா மிரேயா வீட்டுப் பலகைல எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்குன்னு சொன்னப்ப, நீங்க ரம்பத்தை எடுத்து அவங்க கண்ணு முன்னாடியே அதை ரெண்டா அறுத்தீங்க. 'இந்த இல்லத்தை ஆண்டவர்' ஒரு பக்கம், 'ஆசீர்வதிப்பாராக' ஒரு பக்கம். இன்னமும் அப்படியே ரெண்டு சுவத்துல மாட்டி வச்சிருக்காங்க. இப்பக்கூட உங்க கைல என்ன இருக்கு பாருங்க."

கட்டரைக் கீழே வைத்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. இத்தனை நாள் இந்த ஊர் வாயைத் திட்டிக்கொண்டிருந்தேன், வாயை அடைத்து வைத்திருந்தவள் நானே என்று செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு சாமியார் காபி குடித்துக்கொண்டே சொல்லிவிட்டார். யாருக்குத்தான் பொறுக்கும்?

"அதனால கமிட்டி யோசிச்சுது," என்றார் சாமி. "கோயில் முழுக்கப் பெஞ்ச் போடணும். வேலை நடக்கும்போது அது சரியில்ல, இது சரியில்லன்னு சொல்ல வேண்டி வரும். உங்ககிட்ட சொல்ல எங்க யாருக்கும் தைரியம் இல்ல. நரான்ஹோக்காரர் நல்ல மனுஷன். என்ன சொன்னாலும் கேட்டுக்கறார், திருத்தறார். வேலை அவருக்குத்தான்னா எங்களுக்கும் நிம்மதி. நீங்க அவர்கிட்ட பேசிச் சொல்லணும். அவர் ஒத்துக்குவாரா?"

டொன் ஒல்மான் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து எதை விடுவது என்று தெரியவில்லை.

"ஒத்துக்குவார், சாமி," என்றேன்.

டொன் ஒல்மான் உடனே போனை எடுத்தார். பால்மாரஸ்காரரிடம், மெஷின் விஷயமாகக் கட்டாயம் பேசலாம், ஆண்டவர் சித்தமானால் அடுத்த அடுத்த வாரம்போல் பார்க்கலாம், வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றார். எங்கள் ஊரில் இதைவிட உறுதியாக ஒருவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சாமி எழுந்திருக்கவில்லை. காலிக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.

"அவர்கிட்ட ஒரு சின்ன விஷயம்," என்றார். "புதுப் பெஞ்ச் கொஞ்சம் அதிக சுகமாயிடுச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல நாலஞ்சு பேர் தூங்கிட்டாங்க. டொன் அபுந்தியோ குறட்டையே விட்டார். பள்ளத்தை ஒரு இழை குறைச்சா நல்லா இருக்குமோ?"

வாயைத் திறந்தேன். என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும், நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். வாயை மூடினேன். கிரெய்வின் குழாய் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"நரான்ஹோல ஒரு சாமியார் இருக்காராம், சாமி," என்றேன். எனக்கே தெரியாத ஒரு மெல்லிய குரலில்தான் சொன்னேன். "அவர் கோயில்லயும் இப்படித்தான் எல்லாரும் தூங்கறாங்களாம். அங்க தட்டைப் பலகைதான் போட்டிருக்காங்களாம். காரணம் பெஞ்ச் இல்லைன்னு அந்த ஊர்ல பேசிக்கறாங்க. பிரசங்கம் கொஞ்சம் நீளமாம்."

டொன் ஒல்மானுக்குப் புரையேறியது. எலாதியோ சாமி கோப்பையை உதட்டருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார்.

"எவ்வளவு நீளமாம்?" என்றார்.

"பாதியாக் குறைச்சா ஜனங்க பொழச்சுக்குவாங்கன்னு சொல்றாங்க."

சாமி காபியை முழுசாகக் குடித்துவிட்டு எழுந்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"அவரை எனக்கு நல்லாத் தெரியும் மகளே," என்றார். "நான் சொல்லிடறேன்."